கடைசிப் பாதைக்கு எழும்பியவர்

கிண்ணியா ஸெய்னுதீனுக்கும் இசைக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. பகை என்றும் சொல்ல முடியாது. கலியாண வீட்டில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கினால் கதிரையைத் தூக்கிக்கொண்டு பந்தலின் மறுகோடிக்குப் போவார். வானொலியில் செய்தி முடிந்து பாட்டு வந்தால் குமிழைத் திருகி மூடுவார். அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிதர், ஒரு யப்பானியப் பெண் கோட்டோ என்ற நரம்பு வாத்தியம் வாசிக்க, அவள் எதிரே வருடக்கணக்காகக் கிழமை தவறாமல் உட்கார்ந்திருந்தார் என்பதை ஊர் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு கொஞ்சக் காலம் மன்னிக்கவில்லை.

அவர் மனைவி உம்மு குல்சுமின் தம்பி அன்ஸார் ஒருநாள் நேரே கேட்டே விட்டான்.

"மச்சான், வியாழக்கிழமையில அந்த யப்பான் மிஸிட வீட்டில என்னத்தக் கேக்கப் போறீங்க?"

"கேக்கப் போறல்ல. இரிக்கப் போறன்," என்றார் ஸெய்னுதீன்.

அவர் உண்மையைத்தான் சொன்னார். பிறகும் பல பேரிடம் அதையே சொன்னார். ஒரேயொரு நாள் மட்டும் அது பொய்யாயிற்று. அதற்கு அவர் கொடுத்த விலை ஒரு குடை.

அவருடைய வயிற்றுப்பாடு எப்போதும் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியதே. இளவயதில் ஆங்கிலேயக் கடற்படையின் பண்டகசாலையில் மூட்டை அடுக்கினார். நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் யப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட காலையில் எல்லாரையும் போல அவரும் ஓடினார். குண்டு விழுந்த சீனக்குடாப் பக்கமாகவே ஓடினார். வீட்டுக்குப் போகும் வழி அதுவாயிருந்தது. பாதி வழியில்தான் காலில் செருப்பு இல்லை என்பதைக் கண்டார். சுதந்திரம் வந்து ஒன்பது வருடம் கழித்துக் கடற்படை போனது. போகும்போது துறைமுகத்தை அரசாங்கத்திடமும், மரக்கைப்பிடி வைத்த ஒரு கறுப்புக் குடையை ஸெய்னுதீனிடமும் விட்டுச் சென்றது. பண்டகசாலைத் துரை கொடுத்த குடை அது. விரிக்கும் பூட்டு மட்டும் கொஞ்சம் பழுது. கவனியாமல் அழுத்தினால் விரலைக் கடிக்கும். மற்றப்படி அந்தக் குடையும் ஸெய்னுதீனும் மழையிலும் வெயிலிலும் பிரிந்ததில்லை. பள்ளிவாசலில் செருப்பை வெளியே விடுவார், குடையை விடமாட்டார்.

அதன்பின் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கடையொன்றில் சேர்ந்தார். அறுபதுகளில் அந்தக் கடைக்கு வாடிக்கை பெரும்பாலும் சூரைமீன் பிடிக்கும் யப்பானியக் கப்பல்கள். எவருடைய விமானத்துக்குப் பயந்து செருப்பை விட்டு ஓடினாரோ அவர்களுக்கே பூசணிக்காயும் வெங்காயமும் குடிதண்ணீரும் ஏற்றிக் கொடுத்தார். கொடுத்தபடியே அவர்கள் மொழியையும் பொறுக்கிக்கொண்டார். மீன்பிடிக் கப்பல் தளத்தில் பொறுக்கிய மொழி வேறு எப்படியிருக்கும்? மரியாதைச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. தமிழில் யாரையும் 'நீங்கள்' என்றே விளிக்கும் மனிதர், யப்பானிய மொழியில் வாய் திறந்தால் சாராயக் கடைச் சண்டியனாகிவிடுவார். அது அவருக்குத் தெரியாது.

1966இல் ஹிரானோ என்ற பொறியியலாளர், அந்தக் கப்பல்களின் குளிரூட்டும் இயந்திரங்களைக் கவனிப்பதற்காக உவர்மலையில் வீடெடுத்துக் குடிவந்தார். கூடவே மனைவி எட்சுகோவும், போர்வை சுற்றிய ஆறடி நீளப் பொட்டலம் ஒன்றும் வந்தன. முதல் நாள் மீன்கூடையோடு வாசலில் நின்ற ஸெய்னுதீன், தலை தாழ்த்தி, தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த யப்பானிய மொழியில், அம்மணிக்கு மீன் தேவைப்படுமா என்று விசாரித்தார். 'ஏய், மீன் வேணுமா? வேண்டாட்டித் தொலை' என்பதே அதன் சரியான பெயர்ப்பு. எட்சுகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊரைவிட்டு வந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று ஹிரானோ பிறகு கடையில் சொன்னார்.

அவள் சிரிக்காமலிருந்ததற்குக் காரணம் இருந்தது. ஒசாகாவில் அவள் கற்ற கோட்டோப் பரம்பரையில், தேர்ந்த மாணவிக்கு ஆசிரியர் ஒரு பெயர் சூட்டுவார். அந்தப் பெயர் கிடைத்தால்தான் மேடை. எட்சுகோ பெயர் வாங்கும் தறுவாயில், ஒப்புவிக்க வேண்டிய பாடத்தில் தாளில் இல்லாத சில சுரங்களைக் கூட்டி வாசித்துவிட்டாள். ஏன் என்று ஆசிரியர் கேட்டார். அந்த இடத்தில் அவை தேவைப்பட்டன என்றாள். பெயர் கிடைக்கவில்லை. பிறகு திருமணம், பிறகு திருகோணமலை. ஒரு நாளாவது மேடையில் இருந்து வாசிக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் அவள் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

கோட்டோவுக்குப் பதின்மூன்று நரம்பு. ஒவ்வொரு நரம்பின் கீழும் குதிரை எனப்படும் சின்னத் தாங்கி. அதை முன்னே பின்னே நகர்த்திச் சுருதி சேர்ப்பார்கள். கொண்டுவந்த பட்டு நரம்புகள் உவர்மலைக் கடற்காற்றுக்கு ஒரு மாரிகூடத் தாக்குப்பிடிக்காமல் அறுந்தன. கப்பல் சமையற்காரன் ஒருவனிடம் சொல்லிவிட்டு, அவன் திரும்பி வரும்வரை ஒன்றரை வருடம் காத்திருந்தார்கள். அவன் கொண்டு வந்தது வேறொரு வாத்தியத்தின் நரம்பு. நரம்பு நரம்புதானே என்று அவன் நினைத்திருந்தான். ஸெய்னுதீனும் அப்படியே நினைத்தார். அதனால் அடுத்த நாளே கடையிலிருந்து சூரைத் தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் தங்கூசியில் ஒரு சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார். இருநூறு இறாத்தல் மீனுக்கு அறாதது இந்த மரத்துண்டுக்கா அறப்போகிறது என்றார்.

அறவில்லை. ஆனால் தளர்ந்தது. தங்கூசியை இழுத்துக் கட்டுவது லேசான வேலையுமல்ல: நுனியை ஒரு கட்டையில் சுற்றி, சுவரில் காலை உதைத்து, வள்ளம் இழுப்பதுபோல் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஹிரானோ இழுத்தால் குதிரை பறந்து கூரையில் அடித்தது. ஆகவே கடையில் வேலை குறைந்த வியாழன் பின்னேரங்களில் ஸெய்னுதீன் வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அவள் வாசிக்க வாசிக்க, எந்த நரம்பு இளகுகிறதோ அதை எழுந்துபோய் இழுத்துக் கட்டுவார். மற்ற நேரம் கதிரையில் இருப்பார், குடை முழங்காலில் சாய்ந்திருக்கும்.

எழுதிவைத்த இசையின் கதி இதனால் என்னவாயிற்று என்பது சுவாரசியமானது. ஒரு பாடத்தைத் தொடங்கி மூன்றாம் வரிக்கு வருமுன் நாலாம் நரம்பு இறங்கியிருக்கும். அதை ஸெய்னுதீன் இழுத்து முடிப்பதற்குள் ஒன்பதாவது போயிருக்கும். எட்சுகோ சில மாதம் அழுகையோடு போராடினாள். ஒருநாள் போராடவில்லை. இறங்கிய நரம்பு எந்தச் சுரத்தில் போய் நிற்கிறதோ அதையே பிடித்துக்கொண்டு, அங்கிருந்து வேறெங்கோ போனாள். அன்று வாசித்தது எந்தத் தாளிலும் இல்லாதது. அடுத்த வியாழனும் அப்படியே. பரம்பரை அவளை எந்தக் குற்றத்துக்காக வெளியே தள்ளியதோ, அந்தக் குற்றத்தைச் செய்வதைத் தவிர வேறு வழியில்லாத ஒரு வாத்தியத்தைச் சூரைத் தங்கூசி அவளுக்குச் செய்து கொடுத்துவிட்டது.

ஒரேயொரு சிக்கல். எழுதிய இசைக்கு ஒரு கடைசி வரி உண்டு, எழுதாததற்கு இல்லை. எட்சுகோவுக்குத் தொடங்கத் தெரிந்தது, போகத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தியதெல்லாம் பாதியில் விட்டதுபோல் இருந்தது. விடாமல் போனதெல்லாம் சலித்தது.

இதற்குத் தீர்வு கிண்ணியாவிலிருந்து வந்தது. தோணிகளை இணைத்துப் பலகை பரப்பி, கம்பியைப் பிடித்துக் கையால் இழுத்து அக்கரை சேர்க்கும் தெப்பத்துக்கு அந்தப் பக்கத்தில் 'பாதை' என்று பெயர். இருட்டினால் பாதை ஓடாது. அக்கரையிலிருக்கும் வீட்டுக்குப் போகக் கடைசிப் பாதையைப் பிடிப்பதற்கு ஸெய்னுதீன் உவர்மலையிலிருந்து இறங்கி, பஸ் எடுத்து, துறைக்குப் போகவேண்டும். சாயங்கால வெயில் யன்னல் வழியாக வந்து கோட்டோவின் தலைப்பலகையைத் தொட்டால் அதுதான் அவருக்குக் கணக்கு. தொட்டதும் எழும்புவார். குடையை எடுப்பார். முதல் தடவை அவர் அப்படி எழும்பியபோது எட்சுகோ இரண்டு உள்ளங்கையையும் நரம்புகள்மேல் வைத்து அழுத்தி, தலை தாழ்த்தினாள். போகிறவருக்கு மரியாதை செய்கிறாள் என்று அவர் எண்ணி, அவரும் தலை தாழ்த்திவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொரு வியாழனும் அப்படியே. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

எழுபத்துமூன்றாம் ஆண்டு மாரிக்கு முன் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, பாதைக்கு மோட்டார் வந்தது. பாதைக்காரன் முனாப் அதற்கு ஒரு பெரிய லாம்பும் கட்டி, இரவு இஷாத் தொழுகை முடிந்த பிறகும் ஆள் ஏற்றினான். பஸ்ஸும் அதற்கேற்ப இரவில் ஒரு தடவை கூடுதலாக ஓடியது. கிண்ணியா முழுவதும் மகிழ்ந்தது.

மற்றது, ஹிரானோவின் ஒப்பந்தம் முடிந்து அவர்கள் யப்பானுக்குத் திரும்பும் நாள் வந்தது. போவதற்கு முந்திய கிழமை, ஓடா என்ற ஒருவர் ஒலிப்பதிவு இயந்திரத்தோடு வந்து சேர்ந்தார். தோக்கியோவில் ஒரு நிலவறை மண்டபம் நடத்துகிறவர். அங்கே சக்ஸபோன்காரர்களும் மேளக்காரர்களும் தாளில்லாமல், முன்பேச்சில்லாமல், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். ஹிரானோவின் கப்பல்காரர் ஒருவர் சொல்லித்தான் எட்சுகோவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். ஒரு நாடா பதிந்து, அது அவருக்குப் பிடித்தால், பரம்பரைப் பெயர் இல்லாமலே அவளுக்கு அங்கே ஒரு மேடை. பிடிக்காவிட்டால் அடுத்தநாள் கொழும்புக்குப் போய்விடுவார். அதன்பின் ஒசாகாவில் அவளுக்கு அடுப்படிதான் மேடை.

அந்த வியாழன் விடியற்காலம் தொடங்கிய மழை விடவில்லை. ஸெய்னுதீன் நனைந்த குடையை வழக்கம்போல் முழங்காலில் சாய்த்துக் கதிரையில் அமர்ந்தார். ஓடா தேயிலைப் பெட்டியொன்றின்மேல் இயந்திரத்தை வைத்து, காதில் கருவி மாட்டி, நிலத்தில் குந்தியிருந்தார். கோட்டோவின் முன் மண்டியிட்ட எட்சுகோ, ஓடாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். ஸெய்னுதீனுக்கு அதில் பாதி விளங்கியது. விளங்கிய பாதியே போதுமாயிருந்தது. இசையை முடிப்பவர் இவர்தான் என்று அவரைக் கைகாட்டியிருந்தாள்.

இத்தனை வருடத்தில் அவள் சந்தையில் கற்ற தமிழும் அவருடைய கப்பல்தள யப்பானிய மொழியும் கலந்ததே அவர்களுடைய பாஷை.

"மிஸி, எனக்கு இதில ஒண்டும் தெரியாது," என்றார். "நான் பாதைக்கெண்டுதான் எழும்பினனான்."

"ஓம், தெரியும்," என்றாள் எட்சுகோ. "பாதை நல்ல முடிவு."

"இப்ப பாதை ராவைக்கும் ஓடுது. முனாப் மோட்டர் போட்டிட்டான்."

"அதுவும் தெரியும்."

"வெயிலும் இல்ல."

"இல்லை."

"அப்ப நான் எப்ப எழும்புற?"

அவள் ஒரு குதிரையைச் சற்று நகர்த்தினாள்.

"எனக்கு ஏலாது, நானா," என்றாள், ஊரார்போல அவரை அண்ணன் முறை வைத்து. "நான் முடிச்சா அது முடிவு இல்லை. நீங்கள் எழும்புங்கோ."

ஸெய்னுதீனுக்கு அப்போதே எழும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் ஓடா ஏற்கெனவே பொத்தானை அழுத்தி, விரலை உதட்டில் வைத்துவிட்டார்.

எட்சுகோ தொடங்கினாள். ஸெய்னுதீன் யன்னலைப் பார்த்தார். சாம்பல் நிற மழைதவிர அங்கே எந்தக் கணக்கும் இல்லை. தலைப்பலகையைப் பார்த்தார், அதில் வெயில் விழுகிற இடம் எதுவென்றுகூட இன்று சொல்ல முடியவில்லை. இத்தனை காலம் ஒரு மனுசியின் இசையை இழுவைப்பாதை முடித்துவைத்திருக்கிறது என்ற விஷயம் அவருக்குள் மெல்ல மெல்ல இறங்கியது. யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? முனாப் நம்புவானா?

ஏழாம் நரம்பு இளகியது. ஈரத்தில் தங்கூசி வழக்கத்தைவிட வேகமாகத் தளரும். கால்கள் தாமாக அரையடி எழுந்தன. பிறகு அவருக்கு உறைத்தது. வெயிலின் கணக்கில்லாத இன்று, நரம்பு கட்ட எழும்பினாலும் எழும்பியது எழும்பியதுதான். அவள் அதை முடிவென்று எடுத்து உள்ளங்கையை வைத்துவிட்டால்? அவர் திரும்ப உட்கார்ந்து கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எட்சுகோ ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். அவர் இருப்பதைக் கண்டு மேலே போனாள். பிறகு இரண்டாம் நரம்பு போயிற்று. அதற்குப் பிறகு இன்னொன்று. இழுத்துக் கட்டாத நரம்புகள் அடித்தொண்டையில் முனகின. அவருடைய கைகள் தினவெடுத்தன. கண்முன்னே கயிறு அவிழ்ந்து வள்ளம் போய்க்கொண்டிருக்க, கரையில் கட்டிப்போட்ட ஆள் போல இருந்தார். இருப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததேயில்லை.

கட்ட முடியாது என்று ஆனபிறகு அந்த நரம்புகளைக் கவனிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையில்லை. ஏழாம் நரம்பு, அலையடிக்கும்போது கம்பத்தில் மோதும் தோணியைப்போல் தட்டுவதைக் கண்டார். கூரைத் தகரத்தில் மழை கனக்கும்போது எட்சுகோ அதைத் தொடமாட்டாள். மழை ஓய்ந்து இலேசாகும்போது ஒரு தடவை தட்டுவாள். மழை கனத்தது. ஓய்ந்தது. தட்டவில்லை. மறுபடி கனத்தது, மறுபடி ஓய்ந்தது. அப்போதும் தட்டவில்லை. ஸெய்னுதீன் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். எங்கே அது, எங்கே அது என்று உள்ளே ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது ஏழாம் நரம்பு ஒருமுறை தட்டியது.

ஆ, வந்திட்டு, என்றது அவர் மனம்.

அந்தக் கணத்தில் அவர் தன்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். அன்ஸாருக்கும் கடைக்காரர்களுக்கும் துறையடியில் கேட்டவர்களுக்கும் அவர் சொல்லிவந்தது அத்தனையும் ஒரு தட்டலில் கவிழ்ந்துபோயிற்று. அவர் இருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். பாம்பைக் கண்டவர்போல் எழுந்தார். எழுந்தவர் நிற்கவில்லை, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி மழைக்குள் இறங்கினார். பின்னால் இரண்டு உள்ளங்கைகள் நரம்பில் விழும் ஓசை கேட்டது. அதன்பிறகு மழை மட்டும்தான்.

துறைக்கு அவர் வந்து சேர்ந்தபோது இடுப்பில் கட்டிய சாரத்திலிருந்து தண்ணீர் ஓடியது. முனாப் லாம்பைத் தூக்கிப் பிடித்து மேலும் கீழும் பார்த்தான்.

"நானா, குடை எங்க?"

ஸெய்னுதீன் தன் வலக்கையைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

"இரிக்கு," என்றார்.

"எங்க இரிக்கு?"

ஸெய்னுதீன் உவர்மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திரும்பிப் போய் எடுக்கலாம். போனால் ஏன் அப்படி எழுந்து ஓடினீர் என்று கேட்பார்கள். அக்கரைக்கே போனார்.

அடுத்தநாள் காய்ச்சல் பிடித்தது. கேட்காமல் சும்மா இருந்துவிட்டு வருகிறவருக்குக் காய்ச்சல் எந்தப் பக்கத்தால் வந்தது என்று உம்மு குல்சும் கொத்தமல்லித் தண்ணியோடு கூடவே கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து நடமாடி அவர் கடைக்கு வந்தபோது உவர்மலை வீடு பூட்டியிருந்தது. ஓடா அன்றிரவே நாடாவை மூன்று தடவை போட்டுக் கேட்டார் என்றும், எட்சுகோவுக்கு மண்டபத்தில் இடம் உறுதி என்றும், முடிவு நல்லது என்று ஸெய்னுதீனிடம் சொல்லச் சொன்னாள் என்றும் ஹிரானோ கடையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். குடையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொருளுக்குப் பஞ்சமான காலம். புதுக்குடை வாங்க அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. யப்பானியரால் தான் இழந்தது மொத்தம் ஒரு சோடிச் செருப்பும் ஒரு குடையும் என்று துறையடியில் சொல்லிச் சிரிக்கவைப்பார். குடையை எப்படி இழந்தார் என்ற இரண்டாவது கதையை மட்டும் சொன்னதில்லை.

எண்பத்தொன்றில் ஒரு சூரைக் கப்பலின் சமையற்காரன் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டே விசாரித்தான்: திருகோணமலையில் வாழ்ந்த கோட்டோக்காரி ஒருத்தியைத் தெரியுமா? அவனுடைய தங்கை அந்த மாதிரி மண்டபங்களுக்குப் போகிறவளாம். இவனையும் ஒருதடவை இழுத்துப் போயிருக்கிறாள். இரைச்சல் என்றான். ஆனால் சனம் நிறைய. பரம்பரை கொடுக்காத பெயருக்குப் பதில் தன் சொந்தப் பெயரிலேயே வாசிக்கிறாள். நல்ல பட்டு நரம்பு கடையில் கிடைக்கிற ஊரிலிருந்துகொண்டு தூண்டில் தங்கூசிதான் கட்டுகிறாள். இளகினால் இளக விட்டுவிடுகிறாள்.

அதைவிட ஒரு விசித்திரம், என்றான். மேடையில் அவளுக்கு எதிரே ஒரு வெறுங்கதிரை. அதில் ஒரு பழைய கறுப்புக் குடை சாய்ந்திருக்கும். வாசித்துக்கொண்டே போவாள்; திடீரென்று அந்தக் கதிரையைப் பார்ப்பாள்; இரண்டு கையையும் நரம்பில் வைப்பாள், முடிந்தது. அங்கே என்ன கண்டாள் என்று யாருக்கும் தெரியாது. செத்துப்போன குருவின் குடை என்று தங்கை சொல்கிறாள். வெறுமையின் குறி என்று பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதினாராம்.

ஸெய்னுதீன் பக்கத்து மூட்டையின் வாய்க்கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"குடை விரிச்சிருக்கா, மடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

மடித்துத்தான் இருக்கிறது என்றான் சமையற்காரன்.

"விரிக்க வேணாமெண்டு சொல்லு," என்றார் ஸெய்னுதீன், மரியாதைச் சொல் ஒன்றுகூட இல்லாத அந்த மொழியில். "பூட்டு சரியில்ல. விரலக் கடிச்சிரும். பிறகு அவளுக்கு வாசிக்க ஏலாது."